வேம்புலி நிமிர்த்திய விசிறி

வேம்புலி அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. படகை டிராலி மேல் ஏற்றிக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். அதன் அடியில் கோணிப்பையை விரித்து மல்லாந்து படுத்திருந்தார். நான் அன்றுதான் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்று பயந்துபோய்க் குரல் கொடுத்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா, வேலதான் செஞ்சிகினு கீறேன்," என்று அடியிலிருந்து பதில் வந்தது. "தூங்கணும்னு ஆசதான். எவன் உடறான்?"

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டே கண்ணசந்துபோகிற ஒரு மனிதரைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்?

இது தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கதை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையை ஒட்டி, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. மனோகரன் என்பவர் அதை வளைத்துப் போட்டு, கரை கட்டி, சுற்றிலும் புல் வளர்த்து, தண்ணீர் விளையாட்டுப் பூங்கா என்று போர்டு மாட்டினார். எனக்கு வீடு ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பா டாங்கி செய்கிற தொழிற்சாலையில் இருந்தார். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் வெயிலில் நடை. கல்யாணம்கூட ஆகாத வயதில் எனக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, அலுத்துப்போன ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியும்.

வேம்புலி அண்ணன் அலுத்துத்தான் போயிருந்தார். அப்பாவும் அம்மாவும் குமணன்சாவடிக்குப் பின்னால் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் மனையானபோது இவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே பிட்டர் ஆனார். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று வருஷங்கள் ஓடின. ஒருநாள் கேட்டைப் பூட்டினார்கள். மறுபடி திறந்தபோது பாதிப் பேரைத்தான் உள்ளே விட்டார்கள். இவர் வெளியே நின்ற பாதி. பிறகு அம்பத்தூரில் சின்னச் சின்னப் பட்டறைகள், கடைசியில் இந்தப் பள்ளம். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. முதுகு வளைய மறுத்தது, கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. போதும், நின்றுவிடு என்று அவர் மனைவி கன்னியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். இவரும் பொங்கல் கழியட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனையோ பொங்கல் கழிந்துவிட்டது.

"ஊட்டுல உக்காந்தா வேர்க்கல்ல உரிக்க சொல்லுவா," என்று என்னிடம் காரணம் சொன்னார். "அதுக்கு இதே தேவல."

அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனோகரன் வெளிநாடு போனபோது ஒரு விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குவது எல்லோருக்கும் தெரியும். இது அப்படி இல்லை. இதில் படகு மெதுவாகப் போகும். பின்பக்கம் பாரத்தை ஏற்றிவிட்டால் படகு பிட்டத்தைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு போகும், அதன் பின்னால் ஒரு அலை எழும்பிக் கூடவே வரும். அந்த அலையின் மேல் ஒரு குட்டைப் பலகையில் ஆள் நிற்க வேண்டும். நின்ற பிறகு கயிற்றை விட்டுவிடலாம். அலையே அவரைத் தள்ளிக்கொண்டு வரும். கடல் அலையை விட்டுவிட்டுச் செங்கல் சூளைப் பள்ளத்தில் அலை உண்டாக்குவது பணக்காரர்களுக்குத்தான் தோன்றும்.

பம்பாயிலிருந்து ஒரு பழைய படகு வந்தது. பாரத்துக்கு நாங்கள் மணல் மூட்டைகளைப் பின்னால் அடுக்கினோம். எங்கள் பள்ளம் சின்னது. எதிர்க்கரை வருவதற்குள் அத்தனை பாரத்தையும் இழுத்துக்கொண்டு படகு வேகமெடுக்க வேண்டும், அலை எழும்ப வேண்டும், பலகைக்காரர் நிற்க வேண்டும், பிறகு திரும்பவும் வேண்டும். இத்தனையும் படகின் அடியில் சுழல்கிற, இரண்டு கை அகலம்கூட இல்லாத ஒரு வெண்கல விசிறியை நம்பித்தான் இருந்தது. ப்ரொப்பெல்லர் என்று மனோகரன் சொல்வார். எங்களுக்கு அது விசிறிதான், அதன் தகடுகள் இலைகள்தான்.

படகை ஓட்டியவர் ஜேம்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் பாலம் போடுகிற பிரிவில் இருந்து, ஆறுகளில் மோட்டார் படகு ஓட்டியவர். ஓய்வு வாங்கிக்கொண்டு, தொழிற்சாலையில் வேலை செய்த தம்பியை நம்பி ஆவடிக்கு வந்து குடியேறிவிட்டார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன குறை என்று சொல்லுவார். வேம்புலி அண்ணனை இங்கே வேலைக்குக் கூட்டி வந்ததும் அவர்தான். இரண்டு பேரும் மத்தியானம் ஒரே சாப்பாட்டைப் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். ஜேம்ஸ் கொண்டுவருகிற கருவாட்டுக் குழம்பின் வாசனை என் கவுண்டர் வரைக்கும் வரும். எனக்குக் கொடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை எங்கள் பக்கத்தில் எப்படி நடக்கும் என்று அம்பத்தூர், பாடி ஆட்களைக் கேட்டால் சொல்லுவார்கள். தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்காதவர்கூட ஆயுத பூஜைக்கு லேத் மிஷினைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பார். துரு பிடித்த ஸ்பானர் அன்றைக்கு வெள்ளி மாதிரி ஆகிவிட வேண்டும். வளைந்தது நிமிர வேண்டும், ஆடுவது இறுக வேண்டும். சாமிக்கு முன்னால் கோணல் சாமானை வைத்தால் அந்த வருஷம் முழுக்க வேலை கோணலாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாடி தொழிற்சாலையில் வேம்புலி அண்ணனின் பெஞ்சைப் பார்க்க மற்ற பிரிவு ஆட்களெல்லாம் வருவார்களாம். அதை மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொல்லுவார்.

பூஜைக்கு முந்தின நாள் படகைக் கரையேற்றினார்கள். வேம்புலி அண்ணன் அடியில் படுத்து விசிறியைக் கழற்றினார். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் விசிறி மாட்டியிருந்த தண்டின் முனையில் குறுக்கே செருகிய பின்னை நிமிர்த்தி உருவினார். பிறகு பெரிய நட்டைத் தளர்த்தினார், ஆனால் முழுக்கக் கழற்றவில்லை. விசிறியை இழுத்து எடுக்கிற மூன்று கால் புல்லரை மாட்டி நடுத்திருகை முடுக்கிக்கொண்டே போனார். டப் என்று ஒரு சத்தம். விசிறி பிடியை விட்டு வந்து நட்டில் தட்டி நின்றது.

"நட்ட மொத்தமா கழட்டினேன்னு வெச்சிக்கோ, மூஞ்சில வந்து உயும்," என்றார்.

கழற்றியதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்தார். ஒவ்வொரு இலையின் பின் ஓரமும் லேசாக, நகத்தின் அகலத்துக்கு ஒரு பக்கமாக மடங்கியிருந்தது.

"இன்னா ஜேம்ஸு, அடில எங்கனா இடிச்சியா? ஓரம் பூரா வளஞ்சிகீது பாரு."

"இல்லியே அண்ணாத்தே. எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இடிக்கல."

உதிரியாக வைத்திருந்த இன்னொரு விசிறியையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அப்படியே மடங்கியிருந்தது. அதுவும் பம்பாயில் ஓடிய பழசுதான், அங்கே எவனோ இடித்திருப்பான் என்று முடிவு கட்டினார். கோணலை நேராக்குவதற்கு அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக் கல்லுக்குப் பதிலாக அவர் வைத்திருந்த தண்டவாளத் துண்டின் மேல் விசிறியைப் படுக்க வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். இரண்டையும்தான். பிறகு பித்தளைக் குடம் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். மறுநாள் சந்தனம், குங்குமம், பொரி, கடலை எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த விசிறிகள் தங்கமாக மின்னின. மனோகரன்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேம்புலி, நீ ஒரு ஆர்ட்டிஸ்ட்யா," என்றார்.

விஜயதசமி அன்று நல்ல கூட்டம். விசிறியை மாட்டிப் படகைத் தண்ணீரில் விட்டார்கள். ஜேம்ஸ் முடுக்கினார். எஞ்சின் கத்தியது. அதுவரைக்கும் நான் கேட்டிராத கத்தல். ஆனால் படகு எழும்பவில்லை. பின்னால் தண்ணீர் நுரைத்துப் பொங்கியது, படகு சேற்றில் மாட்டிய எருமை மாதிரி அசைந்து அசைந்து போனது. பலகைக்காரர் நிற்பதற்குள் எதிர்க்கரை வந்துவிட்டது. மணல் மூட்டைகளைக் குறைத்தார்கள், அலையே இல்லை. உதிரி விசிறியை மாட்டினார்கள், அதே கத்தல். அன்று முழுக்க ஒருவரும் நிற்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் என்னிடம் வந்து கத்தினார்கள். டிக்கெட் கொடுத்தவள் நான்தானே.

மறுநாள் முதல் எஞ்சினைப் பிரித்தார்கள். ஒரு மெக்கானிக் வந்தார், பிறகு இன்னொருவர் வந்தார். எஞ்சினில் ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அப்படியானால் ஓட்டுகிற ஆள்தான் என்று மனோகரன் சொன்னார். ஆக்சிலேட்டரைக் கண்டபடி முடுக்குகிறான், படகுக்குப் பழக்கமில்லாத கை, ராணுவத்தில் எதை ஓட்டினானோ என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். ஜேம்ஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டார். எனக்கு மனோகரன் மேல் வந்த ஆத்திரத்தில் டிக்கெட் கட்டைத் தூக்கி அவர் மேல் எறியலாம் போலிருந்தது.

அதைவிடக் கொடுமை, ஜேம்ஸ் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"வசந்தா, என் கை கெட்டுப்போச்சுன்னு நெனைக்கேன். அதே மாதிரிதான் முடுக்குதேன். எஞ்சின் கத்துது, ஏன்னு புரியல. காதும் போயிட்டுதோ என்னமோ."

"சும்மா இருங்கண்ணே. நேத்து வரைக்கும் நல்லா ஓட்டின கை எப்படிக் கெடும்?"

"அப்படித்தாம்மா கெடும். எங்க யூனிட்டுல ஒருத்தரு இருந்தாரு. திடீர்னு ஒருநாள் கரைய அடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் அவர் ஓட்டவே இல்ல."

மகளை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதையும் நிறுத்திவிட்டேன் என்றார். பின்னால் குழந்தையை வைத்து ஓட்டப் பயமாக இருக்கிறதாம். தேநீர் க்ளாஸைப் பிடித்திருந்த அவர் விரல்களை அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேம்புலி அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாரத்தில் எத்தனை தரம்தான் படகைக் கரையேற்றுவது? ஒவ்வொரு தரமும் அவர்தான் அடியில் படுக்க வேண்டும். தண்டு நேராக இருக்கிறதா, விசிறி தண்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நீல மை தடவிப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கக் கையைக் கொடுக்கச் சொல்லுவார். எழுந்ததும் கொஞ்ச நேரம் படகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். "முடிலம்மா," என்பார். அவ்வளவுதான்.

கடைசியில் மனோகரன் கெடு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர்கள் வருகிறார்கள். அதற்குள் படகு எழும்பாவிட்டால் ஜேம்ஸ் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம். வேறு விசிறி போட்டுப் பார்க்கலாமா சார் என்று வேம்புலி அண்ணன் கேட்டார். எதையாவது செய்து தொலை என்று உத்தரவு கிடைத்தது. இருந்த இரண்டு விசிறிகளையும் கோணியில் கட்டிக்கொண்டு பஸ் மாறி மாறிக் காசிமேட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஜமீலா என்கிற அம்மாள் விசிறிக் கடை வைத்திருந்தார். மீன்பிடி லாஞ்சுகளின் பெரிய பெரிய விசிறிகள் வாசலில் சாய்த்து வைத்திருந்தனவாம். வேம்புலி அண்ணன் கோணியைப் பிரித்ததும் அந்த அம்மாள் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்து, இலையின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு இன்னொன்றிலும் ஓட்டினார்.

"இன்னாங்க இது, ரெண்டுத்துலயும் உதட்டையே காணோம்?"

"எந்த உதடு?"

"பின் ஓரத்துல லைட்டா மடங்கினு இருக்கும்ல? அதான் உதடு. அது தண்ணிய புடிச்சிக்கும். உதடு இல்லன்னா தண்ணி வயுக்கினு பூடும். விசிறி சும்மா சுத்தும், எஞ்சின் கத்தும், படகு நவுராது. பாரம் வெச்சா சுத்தமா நவுராது." விசிறியைத் திருப்பி மினுமினுப்பைப் பார்த்தார். "கோயில் மணி கணக்கா தொலக்கி வேற வெச்சிகீறாங்க. எந்தப் புண்ணியவான் தட்னது?"

"தெரில்லம்மா," என்று வேம்புலி அண்ணன் சொன்னார்.



ஜமீலா அம்மாள் வேறு விசிறி தேட ஆரம்பித்தார். படகு ஓடணுமா, இழுக்கணுமா என்று கேட்டார். எவ்வளவு பாரம், எவ்வளவு நீளத் தண்ணீர், எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றும் என்றெல்லாம் கேட்டார். இழுக்கத்தான் வேண்டும் என்றதும் இலையின் முறுக்கு அதிகமானதையெல்லாம் ஒதுக்கினார். முறுக்கு அதிகமென்றால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், ஆனால் பாரத்தோடு கிளம்பும்போது திணறும். முறுக்கு குறைவாக, மூன்றுக்குப் பதில் நான்கு இலை வைத்ததாக ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். உதடு ஒழுங்காக மடங்கியிருந்தது. பழைய இரண்டையும் விட்டுவிட்டுப் போ, உதடு மடக்கி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றும் சொன்னார்.

திரும்பி வந்த பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைத்ததாம். ஆனால் தூக்கம் வரவில்லையாம். விசிறியை மாட்டிவிட்டால் படகு கிளம்பிவிடும், ஜேம்ஸ் வேலை நிலைத்துவிடும், அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்திருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை படகு எழும்பியது. ஜேம்ஸ் பயந்துகொண்டேதான் முடுக்கினார், ஆனால் எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது, மணல் மூட்டை அத்தனையும் ஏற்றியும் படகு சிரமமில்லாமல் வேகமெடுத்தது. பின்னால் அலை இடுப்பளவு எழும்பிக் கூடவே வந்தது. மனோகரனே அரைக்கால் சட்டையோடு பலகையில் நின்று, கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். நண்பர்கள் கைதட்டினார்கள். கரையில் நின்ற வேம்புலி அண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி தூங்கலாம் என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் நண்பர்கள் போனதும் மனோகரன் எல்லோரையும் கூப்பிட்டார். வேம்புலியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு ஜேம்ஸ் பக்கம் திரும்பினார்.

"எஞ்சின்ல ஒண்ணும் இல்ல, விசிறிதான் போயிருக்குன்னு ஆயிடுச்சு. ரெண்டு விசிறியையும் யார் கெடுத்தது? அதை ஓட்டினது யாரு? இதையும் நீ உடைக்கிற வரைக்கும் நான் காத்திருக்க முடியாது ஜேம்ஸ். காலைல வந்து சாவியக் குடுத்துட்டுப் போ."

ஜேம்ஸ் தலையை ஆட்டினார். அதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறவர் மாதிரி நின்றார்.

வேம்புலி அண்ணன் முன்னால் வந்தார். "சார், அவுரு இல்ல. நான்தான். பூசைக்கு தட்டி நிமித்தினேன் பாருங்கோ, அதுல போச்சி. அந்த வளைவு இருக்கணுமாம். எனுக்கு தெரியாது சார்."

மனோகரன் சிரித்தார். "பிரண்டுக்காகப் பழியை உன் தலைல போட்டுக்கிறியா? விட்டுடு வேம்புலி. நீ தட்டினதுல கெட்டுப்போச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்? முப்பது வருஷம் பிட்டரா இருந்தவன் நீ." காரில் ஏறிப் போய்விட்டார்.

சரி, ஜேம்ஸாவது நம்புவார் என்று பார்த்தால் அவரும் நம்பவில்லை. வேம்புலி அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

"எனக்காக இவ்வளவு தூரம் பேசினீங்களே அண்ணாத்தே, அது போதும். கெட்டது என் கை. எனக்குத் தெரியாதா?"

"யோவ், நெசமா சொல்றேன்யா. நான்தான்யா தட்டினேன்."

"தெரியும், தெரியும்," என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு ஜேம்ஸ் பஸ்ஸுக்கு நடந்தார். அப்போதுதான் வேம்புலி அண்ணன் என் கவுண்டரின் படியில் உட்கார்ந்து காசிமேட்டுக் கதை முழுவதையும் சொன்னார். "சொல்லாம இருந்தப்ப ஒரு பாரம். சொல்லிட்டேன், அப்பியும் எறங்கல," என்றார். அவ்வளவு சோர்ந்த முகத்தை நான் எங்கள் வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை நான் போனபோது படகு டிராலி மேல் நின்றிருந்தது. டிராக்டர்காரரைச் சீக்கிரமே வரச்சொல்லி வேம்புலி அண்ணன் அதைக் கரையேற்றியிருந்தார். அடியில் படுத்திருந்தார். டப் என்ற சத்தம் கேட்டது. புது விசிறியோடு ஊர்ந்து வெளியே வந்து, அதைத் தண்டவாளத் துண்டின் மேல் வைத்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க? வேணாண்ணே."

"நீ போய் கவுண்டர தொறம்மா," என்றார். நான் போகவில்லை.

சுத்தியலை எடுத்தார். நான்கு இலைகளின் உதட்டையும் ஆயுத பூஜைக்குத் தட்டிய மாதிரியே ஓரம் முழுக்கத் தட்டி நிமிர்த்தினார். அவசரமே இல்லை. கை வேலை தெரிந்தவர் தட்டினால் அடி ஒரே சீராக விழும். முடித்ததும் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அடியில் படுத்து மாட்டினார். படகு தண்ணீரில் இறங்கிய நேரத்தில் மனோகரனின் கார் வந்தது. சாவியைக் கொடுக்க ஜேம்ஸும் வந்து நின்றிருந்தார்.

"சார், ஒரே ஒரு ரவுண்டு போய் வாங்கோ," என்றார் வேம்புலி அண்ணன். "மூட்ட அப்டியே இருக்கட்டும். ஜேம்ஸு ஓட்டட்டும். நேத்து ஓட்ன மாதிரியே."

"எதுக்கு?"

"போய்ட்டு வந்து கேளுங்கோ சார். நான் எங்கியும் ஓடிப்போவல."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்குப் பயந்து மனோகரன் ஏறி உட்கார்ந்தார். ஜேம்ஸ் முடுக்கினார். எஞ்சின் கத்தியது. விஜயதசமி அன்று கேட்ட அதே கத்தல். பின்னால் நுரை பொங்கியது, படகு எழும்பாமல் பள்ளத்தின் நடுவில் தவித்தது. முந்தின நாள் எழும்பிய அதே படகு, அதே ஆள், அதே பாரம். மனோகரன் எழுந்து நின்று கரையைப் பார்த்தார். கரையில் வேம்புலி அண்ணன் சுத்தியலைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

படகு தள்ளாடி வந்து சேர்ந்தது. அது மோதாமல் இருக்க வேம்புலி அண்ணன் தண்ணீரில் இறங்கிப் பிடித்தார்.

"புது விசிறிய கெடுத்துட்டேன் சார். இப்ப நம்புறீங்களா?"

மனோகரனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாயில் வந்ததையெல்லாம் பேசினார், அவற்றை எழுத எனக்கு விருப்பமில்லை. வேம்புலி அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பேசி ஓய்ந்த பிறகு மனோகரன் கரையேறி, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"ஜேம்ஸ் சாவியை வச்சுக்கட்டும். வெள்ளிக்கிழமை அந்தப் பழைய விசிறி வந்ததும் மாட்டிக் குடுத்துட்டு, வேம்புலி, நீ கிளம்பிக்கோ."

"சரிங்க சார்."

மனோகரன் ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார். ஜேம்ஸ் மட்டும் படகிலேயே உட்கார்ந்திருந்தார். எஞ்சினை அணைத்துவிட்டிருந்தார். ஸ்டீயரிங் மேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், கேட்கக்கூடாததைக் கேட்பார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணாத்தே," என்றார். "அப்போ என் கை கெடலையா?"

"உன் கைக்கு இன்னா? நல்லாத்தான் கீது."

"காது?"

"அதுவும் நல்லாத்தான் கீதுபா. தட்னது நானு. உனுக்கு ஒண்ணியும் ஆவல."

ஜேம்ஸ் ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். தோள்கள் குலுங்கக் குலுங்க, சத்தம் வெளியே வர அழுதார். அவர் அழுது முடிக்கிற வரைக்கும் படகு நகர்ந்துவிடாதபடி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வேம்புலி அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.